இறங்காத சைக்கிளும் அடைத்த மைக்கும்

1. ஓர் உத்தரவு

"அண்ணே, பேப்பர்ல இல்லாத வார்த்தை ஒன்னு வந்துச்சுன்னாலும் சவுண்ட அடைச்சிடுங்க. மைக் பழுதுன்னு நெனச்சுக்குவாங்க லா."

இதைச் சொன்னவர் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவள மானேஜர். பெயர் தனபாலன். சொன்னது என்னிடம். நான் மைக்செட்காரன். அடைக்க வேண்டியது செல்வராணி என்ற லைன் லீடரின் வாயை. நிகழ்ச்சியோ மலேசியச் சுதந்திர நாளான மெர்டேக்கா கொண்டாட்டம். சுதந்திரத்தைப் பற்றி நாடகம் போடுவார்களாம், அதில் ஒருத்தி சுதந்திரமாக ஏதாவது பேசிவிட்டால் நான் சவுண்டை அடைக்க வேண்டுமாம்.

மைக்செட் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது, ஸ்பீக்கர் கீச்சிடுகிற ஃபீட்பேக் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் கேட்கிறார்கள். அதையெல்லாம் கைபேசியில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். கைபேசியில் வராத பாடம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திகாம் பத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, குருண் டவுனில் ஒரு கடையில் ஸ்பீக்கர் தூக்க ஆரம்பித்து, பிறகு சொந்தமாக ஒரு வேனும் செட்டும் வாங்கினேன். கல்யாணம், கருமாதி, திருவிழா, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். சுபாவத்தில் நான் பயந்தாங்கொள்ளி. மழை வருமோ, ஃபியூஸ் போகுமோ, ஒயர் தடுக்கி யாராவது விழுவார்களோ என்று நிகழ்ச்சி முடியும்வரை வானத்தையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு மைக் கேட்டால் மூன்று கொண்டுபோவேன். என் மனைவி சொல்வாள், "ஒங்களுக்கு ஸ்பேரா இன்னொரு இதயமும் வாங்கி வேன்ல போட்டுக்குங்க."

அப்படிப்பட்டவனிடம் போய் இந்த உத்தரவு.

2. எல்லாருக்கும் ஒரே மாலை

தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு டைரக்டர் வந்திருந்தார். வெள்ளைக்காரர். வந்த உடனேயே, "இங்கே எத்தனை நாட்டுக்காரர்கள் வேலை செய்கிறார்கள்! ஒவ்வொரு நாடும் எப்படிச் சுதந்திரம் அடைந்தது என்று அவர்களே நடித்துக் காட்டினால் என்ன?" என்று கேட்டாராம். நல்ல யோசனைதான். தனபாலன் கைக்குப் போகும்வரை நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

நாடகம் எழுதுகிற வேலை செல்வராணிக்கு வந்தது. கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்டுப் பழகியவள். லைனில் சூப்பர்வைசர் செய்கிற வேலையையெல்லாம் பல வருடமாக அவள்தான் செய்துகொண்டிருந்தாள். பெயர் மட்டும் லைன் லீடர், சம்பளமும் லைன் லீடர் சம்பளம். அந்த வருடம் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகி, அவள் பெயர் மேலே போயிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் தனபாலன். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சவுண்ட் டெஸ்டுக்காக ஒத்திகை நாட்களிலேயே நான் கேண்டீனில் இருந்தேன். அதனால் எல்லாக் கூத்தையும் பார்த்தேன்.

இந்தோனேசியக்காரர்கள் கூரிய மூங்கில் கழிகளோடு வந்தார்கள். தனபாலன் கழிகளை வாங்கி ஓரமாக வைத்தார். "சண்டை வேணாம். டச்சுக்காரரு சிரிச்சுக்கிட்டே கொடி குடுக்கிறாரு, நீங்க மால போடுறீங்க. அவ்வளவுதான்."

இந்தோனேசியக் குழுவுக்கு யாத்தி என்ற பெண்தான் தலைவி. அவள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், "புக்கான் டிகாசி, பாக்சிக். டிரெபுட்." கொடுக்கவில்லை, பறித்துக்கொண்டோம் என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒயருக்கு டேப் ஒட்டினேன். எனக்கு எதற்கு வம்பு?

அடுத்து வங்காளதேசத்து ரஃபிக். "பாஸ், நாங்க ரெண்டு தரம் வெளிய வந்தோம். மொதல்ல இங்கிலீஷ்காரன்கிட்டேருந்து, பிறகு பாகிஸ்தான்கிட்டேருந்து. ரெண்டாவது தரம் ரொம்ப ரத்தம். எதுக்கு மால?"

"ரெண்டுக்கும் மால போட்டுடு," என்றார் தனபாலன்.

நேபாளத்துக்காரர் ஒருவர் எழுந்து, தங்கள் நாட்டை எந்த வெள்ளைக்காரனும் பிடித்து ஆளவில்லையே, நாங்கள் என்ன நடிப்பது என்று கேட்டார். தனபாலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க நாற்காலி அடுக்குங்க," என்றார். அடிமையாக இருந்தவனுக்கு மேடை, அடிமையாகாதவனுக்கு நாற்காலி. அவர் போய் அடுக்கினார். கோணாமல் நேராக அடுக்கினார்.

டீ குடிக்கும்போது தனபாலனே காரணத்தைச் சொன்னார். "அண்ணே, புது டைரக்டரு யாரு? வெள்ளைக்காரரு. லண்டன் பக்கம். பேரப் பாத்தாலே தெரியுது. அவரு முன்னாடியே அவங்க ஆளுங்களக் கெட்டவனா காட்டலாமா? தொரை மனசு நோகக்கூடாதுல்ல?"

தொரை என்று வாய் தவறி வந்துவிட்டது. வந்தது அவருக்கே தெரியவில்லை. தனபாலனுடைய தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதி, துரை காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பேரன் டை கட்டுகிறார், குளுகுளு அறையில் உட்காருகிறார், பேச்செல்லாம் இங்கிலீஷ். ஆனால் தாத்தாவின் கூன் மட்டும் அப்படியே இறங்கி வந்திருக்கிறது. நாடு கைமாறியதை இவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

3. சைக்கிள்

கடைசிக் காட்சிதான் நம்முடையது. தோட்டக் காட்சி. செல்வராணி அதில் தன் தாத்தாவின் கதையை வைத்திருந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் ஒரு பழக்கம் இருந்தது. செம்மண் ரோட்டில் துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கிவிட வேண்டும். இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, துரை கடந்து போகும்வரை நிற்க வேண்டும். சட்டம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாரும் இறங்கினார்கள். என் அப்பா இறங்கியிருக்கிறார். அவர் இறங்கி நின்ற கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

செல்வராணியின் தாத்தா ஒரு நாள் இறங்கவில்லை. மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு துரையைத் தாண்டிப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. மறுநாளே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடி நடந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து.

பெரிய ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டன் போய்ப் பேசித்தான் நமக்குச் சுதந்திரம் வாங்கினார்கள் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆறாம் ஆண்டு படித்தவன் எங்கே மறுப்பது? ஆனால் ஒன்று. காலகாலத்துக்கும் இந்த நாடு தன்னுடையது என்று உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரன் எதற்காகப் பேச்சுவார்த்தைக்கு வந்தான்? எல்லாரும் ஒழுங்காக இறங்கி நின்றிருந்தால் வந்திருப்பானா? இதை யாரும் பரீட்சையில் கேட்பதில்லை.

தனபாலன் சைக்கிளைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "இது வேணாம். எடுத்துடு."

"சைக்கிள் இல்லேன்னா நாடகமே இல்ல சார்," என்றாள் செல்வராணி.

"ஏம்மா, சுதந்திரத்துக்கும் சைக்கிளுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"லண்டன் போய்ப் பேச எங்க தாத்தாகிட்ட கப்பல் இல்ல சார். சைக்கிள்தான் இருந்துச்சு."

பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தனபாலன் சிரிக்கவில்லை. அவளைத் தூண் பக்கமாகக் கூட்டிப்போனார். நான் அந்தத் தூணில்தான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு நானும் ஒரு ஸ்பீக்கர் மாதிரி போலும், இருப்பதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"செல்வராணி, சூப்பர்வைசர் வேலைக்கு ஒன் பேரு என் மேசையில இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நான் கெட்டவன் இல்ல. சைக்கிள் இருக்கட்டும். ஆனா துரை வந்ததும் நீ எறங்கணும். எறங்கி, சலாம் வெச்சு, மால போடணும். அவரு கொடி குடுப்பாரு. முடிஞ்சுது. பிறகு நீ சூப்பர்வைசர்."

"சரி சார்," என்றாள் அவள்.

அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு லேசாக அவள் வாயிலிருந்து சரி வந்து நான் கேட்டதில்லை. தனபாலனுக்கும் உள்ளூரச் சந்தேகம். அதனால்தான் நேராக என்னிடம் வந்து அந்த உத்தரவைப் போட்டார்.

"நான் முன்னாடி டைரக்டர் பக்கத்துல ஒக்காந்திருப்பேன். டைய இப்படிப் புடிச்சேன்னா அடைச்சிடுங்க."

"சார், இது வேற பிரச்சன ஆயிடப் போகுது."

"ஒரு பிரச்சனையும் இல்ல. தீபாவளி டின்னர், ஃபேமிலி டே, எல்லாம் ஒங்களுக்குத்தானே குடுக்கிறோம்? டென்ஷன் ஆவாதீங்க அண்ணே."

டென்ஷன் ஆகாதே என்று சொன்னால்தான் எனக்கு டென்ஷன் வரும். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

4. சத்தம் இல்லாத சத்தம்

கேண்டீன் நிரம்பி வழிந்தது. காலை ஷிப்ட் முடித்தவர்கள் போகாமல் நின்றார்கள், அடுத்த ஷிப்ட்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். முன்வரிசையில் டைரக்டர். வெள்ளைச் சட்டை, சிவந்த கழுத்து. பக்கத்தில் தனபாலன், டையோடு.

இந்தோனேசியக் காட்சி முதலில் வந்தது. யாத்தி டச்சுக்காரனுக்கு மாலை போட்டாள், சுவரில் ஆணி அடித்துச் சட்டை மாட்டுகிற மாதிரி. அடுத்து ரஃபிக். இரண்டு மாலையோடு வந்தான். ஒன்றை இங்கிலீஷ்காரன் கழுத்தில் போட்டுவிட்டு, இரண்டாவதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு கும்பிட்டான். கேண்டீன் கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரிப்பு. தனபாலனும் கஷ்டப்பட்டுச் சிரித்தார். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கணக்குச் சரியாக வராத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

'போச்சு, கோபம் வந்துவிட்டது,' என்று நான் மிக்சரை நெருங்கி உட்கார்ந்தேன்.

பிறகு தோட்டக் காட்சி. ஸ்டோர் கீப்பர் ஒருவர் முகத்தில் பவுடர் பூசி, துரைத் தொப்பி வைத்து, கொடியைக் கையில் வைத்துக்கொண்டு மேடை நடுவில் நின்றார். பதிவு செய்து வைத்திருந்த மேள வாசிப்பை நான் மெதுவாக ஏற்றினேன். பக்கத்துச் சாய்தளம் வழியாகச் செல்வராணி சைக்கிளில் மேடை ஏறினாள். ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு.

துரைக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் இறங்க வேண்டும்.

கால் பெடலில்தான் இருந்தது.

தனபாலனின் கை டைக்குப் போனது. பிடித்தது. இழுத்தது. கழுத்தே நெரிபட்டுவிடும் போல இழுத்தார். நான் யோசிக்கவே இல்லை. பயந்தவன் கை யோசிக்காது. மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கீழே இறக்கிவிட்டேன். மேளம் நின்றது. மைக் எல்லாம் செத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பேசவே இல்லை. பேப்பரில் இல்லாத வார்த்தை ஒன்றுகூட அவள் சொல்லவில்லை. சைக்கிளுக்கு எங்கே மைக் இருக்கிறது அடைப்பதற்கு?

அத்தனை பேர் இருந்த கேண்டீனில் ஈ பறந்தால் கேட்கும். அந்த அமைதியில் பழைய சைக்கிளின் செயின் கிரீச் கிரீச் என்று பலகை மேடையின் மேல் போயிற்று. துரையின் மூக்குக்கு முன்னால் வந்ததும் மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். அந்த 'ட்ரிங்' கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பவுடர் பூசிய துரை பாவம், நிஜமாகவே பயந்து ஒதுங்கி வழி விட்டார். அவள் அந்தப் பக்கத்துச் சாய்தளத்தில் இறங்கி, மேசைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு, கேண்டீன் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

மேளத்தை நான் ஓடவிட்டிருந்தால் அது ஒரு சாதாரண நாடகமாகப் போயிருக்கும். அடைத்ததால்தான் எல்லாருக்கும் கேட்டது.

பின்னால் பாத்திரம் கழுவுகிற ஒரு அக்கா, "யம்மா! எறங்கல டீ அவ!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலுக்கு எந்த ஸ்பீக்கரும் தேவைப்படவில்லை.

5. டைரக்டர் எந்த ஊர்

டைரக்டர் எழுந்தார். மேடை ஏறி மைக்கைக் கேட்டார். நான் பதறிப்போய் ஃபேடரை ஏற்றியதில் ஃபீட்பேக் வந்து காது கிழிந்தது. என் வேலைக்கு அது வேறு அவமானம்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை யாத்தியும் மற்றவர்களும் பிறகு சொன்னார்கள். அவர் லண்டன்காரரே இல்லை. அயர்லாந்துக்காரர். அந்த நாடும் இதே இங்கிலீஷ்காரனிடம் நம்மைவிட வெகு காலம் மாட்டிக்கொண்டிருந்து, சண்டை போட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த நாடாம்.

"எங்க ஊர்ல யாரும் அவங்களுக்கு மாலை போடல," என்றார். "இவ்வளவு நாடுகள்ல எல்லாருமே மாலை போட்டாங்கன்னு பாத்ததும், நான் படிச்சதுதான் தப்போன்னு நெனச்சேன். அந்த சைக்கிளப் பாத்த பிறகுதான் நிம்மதி."

வெள்ளையாக இருந்தால் எல்லாரும் ஒரே துரை. தோட்டத்து ரத்தம் ஓடுகிற நம் ஆட்கள் மட்டும் செய்கிற தப்பு இது. நானும் செய்தேன், அதனால் தனபாலனை மட்டும் சொல்லவில்லை. ஆனால் எந்தத் துரை என்றுகூடக் கேட்காமல் இறங்கி நின்றது அவர்தான். மூன்று நாட்டுச் சரித்திரத்தையும் பிடித்து இறங்கி நிற்க வைத்தார்.

பிறகு டைரக்டர் கேட்டார், "சவுண்ட் ஏன் நின்னுது?"

தனபாலன் நொடி தாமதிக்காமல் மேடைக்கு ஏறிவிட்டார். என்னைக் கை காட்டினார். "டெக்னிக்கல் ப்ராப்ளம் சார். கான்ட்ராக்டர்." அதே மூச்சில், "சைக்கிள் ஐடியா என்னுது சார்," என்றார்.

இதையெல்லாம் அவர் மைக் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். மைக் திறந்திருந்தது. மொத்தக் கேண்டீனும் கேட்டது. அவருக்கு மட்டும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

6. யார் கொடுத்தது

எல்லாரும் போன பிறகு நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். செல்வராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, நீங்க அடைச்சதுதான் சூப்பரு."

"பயத்துல அடைச்சேன் தங்கச்சி. ஒனக்கு வேலை போயிருந்தா?"

"போயிருக்கும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்." சைக்கிளை மேசையில் சாய்த்தாள். "அவரு வேற ஊர்க்காரரா இருந்ததால தப்பிச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதுதான் எரியுது. அவரு லண்டன்காரரா இருந்து மொறச்சிருந்தா, நான் ஓட்டுனது தப்பாயிடுமா?"

நான் அடுத்த ஒயரை எடுத்துச் சுற்றினேன். எனக்கு அப்போது என் தீபாவளி டின்னர் போய்விடுமோ என்றுதான் கவலை. போய்விட்டது. 'டெக்னிக்கல் ப்ராப்ளம்' உள்ள கான்ட்ராக்டரை யார் கூப்பிடுவார்கள்? இன்றுவரை அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குள் என் வேன் நுழையவில்லை.

சூப்பர்வைசர் வேலை அவளுக்கு வந்தது. டைரக்டரே பாராட்டிய பிறகு கையெழுத்துப் போடாமல் இருக்கத் தனபாலனுக்குப் பைத்தியமா? லைனில் எல்லாரும் பார்க்க, சூப்பர்வைசர் தொப்பியை அவரே கொண்டுவந்து கொடுத்தாராம்.

"இந்தாம்மா. நான்தான் மேலிடத்துல பேசி வாங்கிக் குடுத்தேன்."

செல்வராணி தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாளாம், "சார், எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான் சொன்னாங்களாம். சுதந்திரத்த நாங்களா பாத்துக் குடுத்தோம்னு."

அடுத்த மெர்டேக்காவுக்கு சைக்கிள் காட்சி கட்டாயமாகிவிட்டது. ஆனால் மேடையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து என்று பாதுகாப்புக் கமிட்டி முடிவு பண்ணி, தள்ளிக்கொண்டு போனால் போதும், ஹெல்மெட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். செல்வராணி நடிக்க மறுத்துவிட்டாள். வேறு யாரோ ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, துரையைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் கைதட்டினார்கள் என்று கேள்வி.

இனித் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என் பாடம். அடைக்கச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். கோயில் கமிட்டியில் இருப்பார்கள், கட்சியில் இருப்பார்கள், கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் சித்தப்பா வாயை அடைக்கச் சொல்வார்கள். பயமாக இருந்தால் முடியாது என்று சொல்ல வேண்டாம். எனக்கும் அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. ஒரு நாற்காலி எடுத்து மிக்சர் பக்கத்தில் போடுங்கள். "இங்க ஒக்காருங்க சார். எப்ப அடைக்கணுமோ, ஒங்க கையாலேயே இதக் கீழ எறக்கிடுங்க," என்று ஃபேடரைக் காட்டுங்கள்.

நான் இப்போது எல்லா நிகழ்ச்சியிலும் அப்படித்தான் செய்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.